இரவுப் பணியில் உடல் கடிகாரத்தைக் குழப்பும் தவறுகள்

போன மாதம் சிங்கப்பூரில் எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த தாதி ஒருத்தி, மூன்றாவது நைட் முடிந்த காலையில் கைப்பையோடு அவசரமாகக் கிளம்பினாள். "தேக்காவுக்குப் போய் மீன் வாங்கிட்டு வீட்டுக்குப் போறேன் அக்கா." பதினெட்டு வருடத்துக்கு முன்னால், என் மூன்றாவது நைட் முடிந்து நானும் அதே சந்தையில்தான் நின்றேன். கைப்பேசி பார்க்காதே, வயிறு முட்டச் சாப்பிடாதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

உடல் கடிகாரம் என்றால் தூக்கம் மட்டும்தான் என்று நினைப்பது

உடல் கடிகாரம் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்து இந்தக் கடிகாரத்தை ஓட்டுகின்றன. உடல் சூடு, ஹார்மோன், செரிமானம் எல்லாம் இதன் சொல்படிதான். 'சர்க்கேடியன்' என்ற சொல்லை 1959இல் ஃபிரான்ஸ் ஹால்பெர்க் உருவாக்கினார். லத்தீனில் 'ஏறத்தாழ ஒரு நாள்' என்று பொருள். இந்த 'ஏறத்தாழ'வைக் கவனியுங்கள். மனிதர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். தினமும் அதைத் திருத்துவது வெளிச்சம்.

விடிகாலை நாலு மணிக்கு வார்டில் குளிர் எடுக்கும். எல்லோரும் ஏர்கானைக் குறை சொல்வார்கள். உடல் சூடு அடிமட்டத்துக்கு இறங்குகிற நேரம் அது.

காலை வெயிலில் சுற்றுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைக்கு நம் கடிகாரம் கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முன்னால் இருந்தால் போதும். 1982 முதல் 8 மணி நேரம். அதனால் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. பொறுப்பை ஒப்படைத்துவிட்டு எட்டு மணிக்கு வெளியே வந்தால் முகத்தில் அறைவது புது வெயில்.

விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் கடிகாரத்துக்கு நேரம் சொல்வதற்கென்றே சில உயிரணுக்கள் இருக்கின்றன. உடல் சூடு அடிமட்டத்தைத் தொடுமுன் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதாவது தூக்கம் தாமதமாக வரும். தொட்ட பிறகு படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். நைட் பார்ப்பவருக்குத் தேவை பின்னுக்குத் தள்ளுவது. காலை வெயிலோ உடலை மறுபடி பகலுக்கே இழுத்துவிடும்.

அன்று நான் அரை மணி நேரம் கொடுவா மீன் பார்த்து, வெளிமேசையில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுத்தேன். பன்னிரண்டரைக்கு விழிப்பு. அப்புறம் தூக்கமே இல்லை. அன்றிரவு நாலரை மணிக்கு, மணிக்கு 38 மில்லி என்று எழுதியிருந்ததைச் சொட்டுமருந்துப் பம்பில் 83 என்று அழுத்தினேன். ஓடவிடுமுன் சரிபார்க்க வந்த மூத்த தாதி பிடித்துவிட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு எண்களும் எனக்கு மறக்கவில்லை.

தூக்கம் கெட்டால் பக்கத்து வீட்டு டிரில் சத்தத்தைத் திட்டுவோம். வெயிலை யாரும் சந்தேகப்படுவதில்லை. கட்டடத்தை விட்டு இறங்குமுன்பே கறுப்புக் கண்ணாடி போடுங்கள். கூரை போட்ட நடைபாதையிலேயே போங்கள். வீட்டில் தடித்த திரை, நேரே படுக்கை. ஆனால் கண் சொக்கினால் மோட்டார் சைக்கிளைத் தொடவே கூடாது, எம்ஆர்டி ரயிலில் போங்கள்.

அந்தப் பெண்ணிடம் என் கண்ணாடியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். மீன் சாயங்காலம் பேரங்காடியில் கிடைக்கும்.

"பழகிடும்" என்று நம்புவது

பெரும்பாலோருக்கு முழுசாகப் பழகாது.

நாலு மணிக் கோப்பி

குடித்த காஃபீனில் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். இரவு இரண்டு மணியோடு நிறுத்துங்கள்.

ஓஃப் நாளில் ஒரேயடியாகப் பகலுக்குத் திரும்புவது

கடிகாரம் ஒரு நாளில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் நகரும். இரண்டு நாள் ஓஃப் முடிந்து மறுபடி நைட் என்றால் பாதி வழியில் நில்லுங்கள். நான் விடிகாலை மூன்றுக்குப் படுத்துப் பதினொன்றுக்கு எழுவேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளோடு உட்கார முடிகிறது, அடுத்த நைட்டும் அவ்வளவாக அடிப்பதில்லை.