அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதற்கு முன்: பணக் கணக்கில் நாங்கள் சறுக்கிய இடங்கள்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, தருமபுரியில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பாலக்கோட்டுக்குக் கூட்டி வந்த அன்று ராத்திரி ஓசூரிலிருந்து அண்ணன் போன் பண்ணினார். "இன்சூரன்ஸ்தான் இருக்கே, ஒரு நர்ஸை வச்சுக்கலாம், அப்புறம் கிளெய்ம் பண்ணிக்கலாம்." நானும் சரி என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதச் சம்பளம் போன பிறகுதான் பாலிசியை எடுத்துப் படித்தேன்.

நீங்கள் முதலிலேயே படித்துவிடுங்கள். விலக்குகள் பகுதியில் 05 என்ற எண்ணைத் தேடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அமைப்பான ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வகுத்த வாசகம் அது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடக்கக் கைகொடுப்பது மாதிரியான அன்றாட உதவிக்கு, படித்த நர்ஸ் செய்தாலும் ஆயா செய்தாலும், வீட்டில் என்றாலும் காப்பகத்தில் என்றாலும், பணம் கிடையாது என்று அதில் இருக்கும். "டொமிசிலியரி கவர் இருக்கே" என்று ஏஜென்ட் சொல்வார். அது வேறு: ஆஸ்பத்திரியில் படுத்து எடுக்க வேண்டிய சிகிச்சையை, ஆளை நகர்த்த முடியாமலோ பெட் கிடைக்காமலோ வீட்டில் எடுப்பது. பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதை அதில் நுழைக்க முடியாது. ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள், 90 நாள் என்று பாலிசியைப் பொறுத்து மருந்து, டெஸ்ட் செலவைக் கேட்கலாம், அந்தப் பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலும் இதே குழப்பம்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, ஆனால் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு.

சரி, ஆள் வைத்தே ஆக வேண்டும் என்றால், ஏஜென்சிக்குப் போன் போடுவதற்கு முன் ஒரு தாளில் என்னென்ன வேலை என்று எழுதுங்கள். கதீட்டர் (சிறுநீர் வடிய வைக்கும் குழாய்) மாற்றுவது, ஊசி, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது நர்ஸ் வேலை. அது தினமும் வராது. வரும் அன்றைக்கு மட்டும் நர்ஸை வரவழைத்தால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, பேம்பர்ஸ் மாற்றுவது, துடைப்பது, ஊட்டுவது பழக்கிவிட்டால் யாரும் செய்யலாம். அம்மாவுக்கு மூக்கு டியூப் இருந்தது. ராகிக் கஞ்சியை மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுவேன், இல்லாவிட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும். தலைமாட்டை நன்றாக உயர்த்தி வைத்து மெதுவாக விட வேண்டும், முடித்ததும் அரை மணி நேரமாவது அப்படியே உட்கார்த்தி வைக்க வேண்டும், படுக்கவைத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். டிஸ்சார்ஜ் அன்றைக்கு வார்டு சிஸ்டர் இதைச் சொல்லிக்கொடுத்தார். கூட நின்று இரண்டு முறை கையால் செய்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

எங்களுக்கு 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று சொல்லி ஏஜென்சி அனுப்பிய பெண்ணுக்கு யூரின் பேக்கைக் காலி செய்யத் தெரியும், கதீட்டர் மாற்றத் தெரியாது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், மூன்று மாதக் கோர்ஸ் முடித்துவிட்டு வந்த பிள்ளை. நர்ஸ் ரேட்டு வாங்கிய ஏஜென்சியைத்தான் சொல்ல வேண்டும். நர்ஸ் என்று சொன்னால் தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். '24 மணி நேரம்' என்றால் வீட்டிலேயே தங்குவார் என்று அர்த்தம், 24 மணி நேரமும் விழித்திருப்பார் என்று இல்லை. அவரும் மனுஷிதானே, ராத்திரி இரண்டு மணிப் புரட்டலை வீட்டு ஆள்தான் செய்ய வேண்டியிருந்தது. அட்வான்ஸ் திரும்பி வருமா, கமிஷன் ஒருமுறையா மாதாமாதமா, சாப்பாடு யார் கணக்கு, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மாற்று ஆள் உண்டா, அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பார்களா, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். ஓசூரில் சொல்லும் ரேட்டுக்குப் பெங்களூர் வாடை இருக்கும், பென்னாகரம், அரூர் பக்கம் உள்ளூரில் விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

காசில்லாமல் கிடைப்பதைக் கேட்காமலே விடுகிறோம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும். பிசியோதெரபி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்பு நர்ஸ், வயிற்று வழி டயாலிசிஸுக்கான பைகளும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தினமும் வந்து குளிப்பாட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம். கை கால் விழுந்தவர்களுக்கு ஊனம் 75 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் அது உண்டு.

வரி கட்டுபவராக இருந்தால் இன்னொன்று. பழைய வரி முறையில், இன்சூரன்ஸ் இல்லாத 60 வயது தாண்டிய பெற்றோரின் மருத்துவச் செலவில் 50,000 வரை கழிக்கலாம், ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. மருந்துக் கடையிலும் ஜிபேதான்.