சவுலின் கீழ்ப்படியாமையை வாசிப்பது எப்படி: 1 சாமுவேல் 15

ஆண்டவருக்குக் கீழ்ப்படியாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று வேதத்தில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தண்டனை வரும் வசனத்துக்கே நேராகப் போய்விடுகிறார்கள். இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் கதையை அப்படி வாசித்தால், கில்போவா மலையில் அவர் பட்டயத்தின்மேல் விழுந்த முடிவு மட்டுமே மிஞ்சும். அவர் எங்கே சறுக்கினார் என்பது பிடிபடாது. ஆகவே 15-ஆம் அதிகாரம் முழுவதையும் முதலில் ஒரே மூச்சில், வாய்விட்டு வாசியுங்கள். அமலேக்கியரையும் அவர்களுடைய ஆடுமாடுகளையும் முற்றிலும் அழிக்கும்படி, தீர்க்கதரிசி சாமுவேல் மூலம் கர்த்தர் சவுலுக்குக் கட்டளையிடுவதில் அது தொடங்குகிறது.

அடுத்து, ஒரு பென்சிலை எடுத்து ‘கேட்டல்’, ‘செவிகொடுத்தல்’, ‘சத்தம்’, ‘கீழ்ப்படிதல்’ ஆகிய சொற்கள் வரும் இடங்களையெல்லாம் கோடிடுங்கள். எபிரெயத்தில் கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் ‘ஷாமா’ என்ற ஒரே வினைச்சொல்தான். பிள்ளை பேச்சைக் கேட்கவில்லை என்று நாம் சொல்வதைப் போன்றதே அது. கர்த்தருடைய வார்த்தைகளின் சத்தத்தைக் கேட்கும்படி 1-ஆம் வசனம் சவுலிடம் சொல்கிறது. 14-ஆம் வசனத்திலோ, அழித்திருக்க வேண்டிய ஆடுமாடுகளின் சத்தம் சாமுவேலின் காதில் விழுகிறது. 24-ஆம் வசனத்தில், ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டதாகச் சவுலே ஒப்புக்கொள்கிறார். யாருடைய சத்தத்தை அவர் கேட்டார் என்பதுதான் இந்த அதிகாரத்தின் வழக்கு.

பிறகு 9-ஆம் வசனத்தையும் 15-ஆம் வசனத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அமலேக்கியரின் ராஜாவான ஆகாகையும் நல்ல ஆடுமாடுகளையும் தப்பவைத்தவர்கள் ‘சவுலும் ஜனங்களும்’ என்று கதை சொல்கிறது. சவுல் பேசும்போது, தப்பவைத்தவர்கள் ஜனங்கள் மட்டும். மற்றவற்றை அழித்தவர்களோ ‘நாங்கள்’. அதே வாக்கியத்தில் அவர் கர்த்தரை ‘உம்முடைய தேவன்’ என்கிறார். என்னைப் பொறுத்தவரை, தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்தப் பிரிவு அங்கே நடந்துவிட்டது.

குழந்தைகளையும் விடாமல் அழிக்கச் சொல்லும் 3-ஆம் வசனத்தைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். அது நெஞ்சை உறுத்துகிற கட்டளை. அந்த உறுத்தலை மறைக்காமல் குழுவில் பேசுவதே நேர்மை.

விளைவுகளைத் தேடும்போது ஒரு பொருளைப் பின்தொடருங்கள்: சால்வை. 15:27-இல் சவுல் பிடித்திழுக்கச் சாமுவேலின் சால்வை கிழிகிறது; ராஜ்யமும் அவ்வாறே கிழிக்கப்பட்டது என்கிறார் சாமுவேல். 24-ஆம் அதிகாரத்தில், குகைக்குள் சவுலுடைய சால்வையின் தொங்கலை, அவருக்குப் பின் ராஜாவாகப்போகும் தாவீது அறுத்துக்கொள்கிறார். 28-ஆம் அதிகாரத்தில், எந்தோர் ஊரில் இறந்தவர்களை அழைக்கும் ஒரு ஸ்திரீயிடம் சவுல் போகிறார்; சால்வை போர்த்த முதியவர் ஒருவர் ஏறிவருகிறார் என்று அவள் சொன்னதும், அவர் சாமுவேல் என்று சவுல் அறிந்துகொள்கிறார். தண்டனை ஒரே நாளில் இடியாக விழவில்லை. அவர் சிங்காசனத்தில் இருந்தபடியே அது மெல்ல மெல்ல நிறைவேறியது. கடைசியில் அவரோடு யோனத்தான் உட்பட மூன்று குமாரர்களும் மடிந்தார்கள்.

31-ஆம் அதிகாரத்தின் கடைசி 3 வசனங்களையும் விடாமல் வாசியுங்கள். தொடக்க நாட்களில் சவுல் காப்பாற்றிய யாபேஸ் ஊரார், இரவு முழுவதும் நடந்துபோய், பெத்சான் மதிலில் எதிரிகளான பெலிஸ்தர் தொங்கவிட்டிருந்த அவருடைய உடலை இறக்கி, எலும்புகளை அடக்கம்பண்ணி, 7 நாள் உபவாசம் இருந்தார்கள்.