துருப்பிடித்த பஜாஜ் சேத்தக்கை வீட்டிலேயே மீட்டெடுப்பது எப்படி: முதல்முறை முயல்பவர்களுக்கு

1972இல் சந்தைக்கு வந்த பஜாஜ் சேத்தக், முன்பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கப்பட்ட வண்டி. அப்பா ஓட்ட, அம்மா பின்னால் அமர, ஒரு குழந்தை முன்னால் நிற்க, இன்னொன்று இருவருக்கும் நடுவில் நெருக்கியபடி சென்ற அந்த ஸ்கூட்டர் இன்று பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில், பழைய போர்வையால் மூடப்பட்டு நிற்கிறது. எங்கள் வீட்டு வண்டியும் பன்னிரண்டு ஆண்டுகள் அப்படித்தான் நின்றது. அதை முதன்முறை சரிசெய்தபோது மேலே தெரிந்த துருவை மட்டும் தேய்த்துவிட்டுப் பளபளப்பாகச் சாயம் அடித்தேன். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. இரண்டாம் முறை செய்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் துருவின் ஆழத்தைப் பாருங்கள்

மோட்டார் சைக்கிளுக்குக் குழாய்ச் சட்டம் ஒன்று தனியாக இருக்கும். சேத்தக்குக்கு அப்படிக் கிடையாது. வளைத்து ஒட்டிய இரும்புத் தகடுதான் அதன் உடலும், எடையைத் தாங்கும் எலும்பும். எனவே கால் வைக்கும் தளத்தில் விழுந்த ஓட்டை வெறும் அழகுக் குறை அன்று, வண்டியின் பலமே அங்கே குறைந்திருக்கிறது என்று பொருள். சாயம், சீட், கண்ணாடி என்று ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்பாகவே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

தளத்தின் மேலுள்ள ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டு, அலுமினியப் பட்டைகளையும் கழற்றுங்கள். பட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் தங்கும் மழைநீர்தான் பெரும்பாலான சேத்தக்குகளை அரித்திருக்கிறது. பிறகு வண்டியை ஒரு பழைய மெத்தையின் மேல் மெல்லச் சாய்த்து (அதற்கு முன் பெட்ரோலையும் பேட்டரியையும் எடுத்துவிட வேண்டும்), அடிப்பக்கத்தில் குறுக்காக ஓடும் தாங்கு பட்டைகள், சென்டர் ஸ்டாண்டு பொருந்தும் இடம், பிரேக் பெடலைச் சுற்றியுள்ள பகுதி ஆகியவற்றை ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உறுதியான இரும்பு 'டிக் டிக்' என்று ஒலிக்கும். உளுத்த தகடு மந்தமாக ஒலித்து உள்வாங்கும், சில இடங்களில் முனை அப்படியே உள்ளே போய்விடும். அழுத்திப் பார்க்கத் தயங்காதீர்கள், இங்கே விழும் ஓட்டை ஏற்கெனவே இருந்த ஓட்டைதான்.

மேல்துரு மட்டும் என்றால் முழு வேலையையும் வீட்டிலேயே முடிக்கலாம். தளத்தில் ஓட்டைகள் இருந்தால் டிங்கரிங் பட்டறையில் உளுத்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி எனப்படும் பூச்சுப் பசையால் ஓட்டையை அடைத்துத் தரும் பட்டறையைத் தவிர்த்துவிடுங்கள். கைப்பிடித் தண்டு நுழையும் கழுத்துப் பகுதியோ, இன்ஜினைத் தாங்கும் போல்ட் நுழையும் பகுதியோ உளுத்திருந்தால், எத்தனை பாசம் இருந்தாலும் அந்த உடலைக் கைவிடுவதே நல்லது.

சேசிஸ் எண் பொறித்த இடத்தை இப்போதே கண்டுபிடித்து, மென்மையான துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துத் தடம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது, பட்டியும் பூசக் கூடாது. பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அந்த எண் படிக்கும்படி இல்லையென்றால் மற்ற உழைப்பெல்லாம் வீண். வேறு நிறம் அடிக்க நினைத்தால் சான்றிலும் அதை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், பழைய நிறத்தையே திரும்ப அடிப்பது எளிது.

பிரித்தெடுத்தல்

8, 10, 11, 13, 14, 17 அளவு ஸ்பேனர்கள், ஒரு பிளக் ஸ்பேனர், நல்ல ஸ்க்ரூடிரைவர்கள், பலமான வயர் பிரஷ் ஆகியவை போதும். துருவேறிய நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுங்கள். அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட் தலை கழன்று கையோடு வந்துவிடும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் செல்பேசியில் படம் எடுத்து, நட்டு போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டு எழுதி வையுங்கள்.

பக்கவாட்டு டிக்கிகள், சீட், பெட்ரோல் டேங்க் என்ற வரிசையில் கழற்றுங்கள். கிளட்ச், கியர், பிரேக், ஆக்சிலரேட்டர் கேபிள்கள் உடலுக்குள்ளே வளைந்து செல்வதால், பழையதை உருவும்போது அதன் முனையில் மெல்லிய கட்டுக்கம்பியைக் கட்டிக்கொண்டே உருவ வேண்டும். கம்பி உள்ளே தங்கிவிடும்; புதிய கேபிளை அதே வழியில் இழுக்க அதுதான் வழிகாட்டி. இதைச் செய்யாமல் விட்டதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் ஒரே ஒரு கியர் கேபிளோடு கழித்திருக்கிறேன்.

சக்கரத்தைக் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. சேத்தக்கின் 10 அங்குல ரிம் இரண்டு பாதிகளை நட்டுகளால் இணைத்துச் செய்யப்பட்டது. டியூபில் காற்று இருக்கும்போதே அந்த இணைப்பு நட்டுகளைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிரிந்து கையையோ முகத்தையோ கிழித்துவிடும். வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுவதும் வெளியேறிய பிறகே ஸ்பேனரை வையுங்கள். பிரேக் டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும்.

துருவை நீக்குதல்

சிறிய பாகங்களுக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் மலிவானது, பழகவும் எளிது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 முதல் 100 கிராம் வரை கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் பாகங்களைச் சில மணி நேரம் ஊறவையுங்கள். துரு கரும்பசையாக இளகியதும் பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். ஈரத்தோடு விட்டுவைத்த இரும்பில் சில நிமிடங்களிலேயே புதுத்துரு பூக்கும். ஸ்பிரிங்குகளை அமிலத்தில் போடாதீர்கள், உடையும் தன்மை பெற்றுவிடும். அலுமினியப் பாகங்களையும் இதில் சேர்க்க வேண்டாம்.

உடற்பகுதியை 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று படிப்படியாகத் தேய்த்து, பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை கொண்டுவர வேண்டும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் முகக்கவசம் கட்டாயம். இயன்றவரை நீர்விட்டுத் தேய்த்து, அன்றே துடைத்து உலர்த்துங்கள். தகட்டின் குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் துருவை உப்புத்தாள் எட்டாது. அங்கே பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவினால், எஞ்சிய துரு இரும்பு பாஸ்பேட்டாக மாறிக் கருத்துவிடும். எனது முதல் முயற்சியில் விட்டுப்போனது இந்தக் குழிகள்தான்.

பெட்ரோல் டேங்கின் உட்புறத்துக்கு வினிகரை நிரப்பி, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, ஒரு நாள் ஊறவைத்து, முன்போலவே அலசி உலர்த்தி, டூ ஸ்ட்ரோக் ஆயிலை உள்ளே சுழற்றிவிடுங்கள். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். டேங்க் ஒழுகினால் வெல்டிங் வைக்கும் எண்ணமே வேண்டாம், காலி டேங்கிலும் தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும்.

பிரைமரும் சாயமும்

துரு நீக்கிய அன்றே தின்னரால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். கதவு ஜன்னலுக்கு அடிக்கும் சிவப்பு ஆக்சைடு மலிவுதான் என்றாலும் தெருக்கல்லும் மழையும் படும் வண்டியின் அடிப்பக்கத்தில் அது நெடுநாள் தாங்குவதில்லை. நசுங்கல்களுக்குப் பட்டியைப் பிரைமரின் மேல், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மிகாமல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். காற்றின் ஈரம் சாயத்தை வெளிறச் செய்யும்.

இறுதிச் சாயத்தை நான் வீட்டில் அடிக்கவில்லை. கடினமாக்கி கலந்து தெளிக்கும் சாயங்களின் புகையில் நுரையீரலைத் தாக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. பிரைமர் வரை நீங்களே முடித்து, தேய்த்து, சாய அறை உள்ள பட்டறையிடம் ஒப்படைத்தால் கூலியில் பெரும்பகுதி மிஞ்சும், நுரையீரலும் தப்பும்.

இன்ஜின்

கிக்கர் அசையவே இல்லை என்றால் அதன்மேல் ஏறி மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டீசலும் டூ ஸ்ட்ரோக் ஆயிலும் கலந்து ஊற்றி, மூன்று நான்கு நாள் ஊறவிட்டு, கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் இளகும். இளகாவிட்டால் இன்ஜினைப் பிரிக்கும் வேலையைப் பழைய மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். இளகியதும் பிளக்கை அதன் மூடியில் பொருத்தி, இன்ஜின் இரும்பில் படவைத்துக் கிக்கரை உதைத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். அருகில் பெட்ரோல் இருக்கக் கூடாது. பொறி இல்லையென்றால், பாயின்ட் (பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள பழைய வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாயின்ட்டின் முகத்தில் படிந்த கறையை.

கார்பரேட்டரைப் பிரித்து, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகளின் துளைகளை மெல்லிய செம்புக் கம்பியால் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பி துளையை அகலப்படுத்திவிடும். வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து நிமிர்த்திவிட்டு உதைக்கும் அந்தப் பழைய சடங்கு, சுத்தமான கார்பரேட்டருக்குத் தேவைப்படாது. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுப்பதால் பெட்ரோல் குழாயையும் வாஷர்களையும் புதிதாகவே போடுங்கள். உதிரிபாகங்கள் சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் கிடைக்கும். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பூட்டுதலும் முதல் ஓட்டமும்

பூட்டும் முன், தளத்தின் அடியிலுள்ள பெட்டிப் பகுதிகளுக்குள் துரு தடுக்கும் மெழுகைக் குழாய் வைத்துத் தெளித்து, நீர் வடியும் துளைகள் சாயத்தால் அடைபட்டிருந்தால் திறந்துவிடுங்கள். டயர்கள் 3.50-10 அளவு. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்; கடையில் நெடுநாள் கிடந்த டயரை வாங்கிவிடாதீர்கள். கியர் ஆயிலை, நிரப்பும் துளையிலிருந்து வழியத் தொடங்கும்வரை ஊற்றி மூடுங்கள்.

முதல் சில டேங்க்குகளுக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 30 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டலாம். ஊறவைத்த எண்ணெய் எரிந்து தீரும்வரை தெருவே மறையும்படி வெண்புகை வரும்; அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் போல்ட், சக்கர நட்டுகள், ஹெட் நட்டுகள் ஆகியவற்றை இன்ஜின் ஆறிய பிறகு மீண்டும் இறுக்கிப் பாருங்கள். கழற்றி வைத்த அந்த ரப்பர் விரிப்பை மட்டும் திரும்பப் போட வேண்டாம்.