ஒற்றைப் பையோடு காவிரிப் படுகையில் கட்டடக் கலைப் பயணம்: திட்டமிடும் முறை

காவிரிப் படுகையில் பெரும்பாலான கோயில்கள் நண்பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்தப்பட்டு, மாலை 4 மணிக்கு மேல்தான் மீண்டும் திறக்கப்படுகின்றன. கட்டடக் கலையைக் காண்பதற்காகவே வருபவர் தம் திட்டம் முழுவதையும் இந்த நான்கு மணி நேர இடைவெளியைக் கணக்கில் கொண்டே அமைக்க வேண்டும். காலையில் ஒரு கட்டடம், மாலையில் ஒரு கட்டடம் என்பதே சரியான அளவு. இடைப்பட்ட நேரத்தை ஊர் மாறுவதற்கும், சாப்பாட்டுக்கும், நடை சாத்தாத அரண்மனை, கோட்டை, தெரு வீடுகள் போன்றவற்றுக்கும் ஒதுக்கலாம். வாடகைக் காரில் ஒரே நாளில் எட்டுப் பத்துக் கோயில்களைச் சுற்றி வருபவர்களுக்குக் கோபுரங்கள் ஒன்றோடொன்று கலந்துபோய், எந்தச் சுவரும் மனத்தில் நிற்பதில்லை. சுமை குறைவாக இருந்தால் விடுதியை நம்பியிராமல் பேருந்திலிருந்து இறங்கிய இடத்திலிருந்தே நடக்கத் தொடங்கலாம். ஒரு சுவரின் முன் அரை மணி நேரம் நிற்பதற்கும் உடல் ஒத்துழைக்கும்.

ஐந்து நாள் கிடைத்தால் தஞ்சாவூரில் இரண்டு இரவும் கும்பகோணத்தில் மூன்று இரவும் தங்குவது போதுமானது. சென்னையிலிருந்து வருபவர்கள் எழும்பூரில் இரவு புறப்படும் உழவன் விரைவு ரயிலில் ஏறினால் விடியற்காலையில் தஞ்சாவூரில் இறங்கி, வெயில் ஏறுவதற்கு முன் பெரிய கோயிலுக்குள் நுழைந்துவிடலாம். அங்கிருந்து கும்பகோணம் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவு, பேருந்தும் ரயிலும் அடிக்கடி உண்டு. அறை எடுப்பதற்கு முன்பே பையை வைக்க வேண்டியிருந்தால், ரயில் நிலையத்தில் பொருள் வைப்பறை இயங்குகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டாத பையை அங்கே ஏற்பதில்லை என்பதால் சிறு பூட்டு ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. காவிரிப் படுகை வண்டல் மண்ணாலானது. இங்கே பாறை கிடையாது. இங்கு நாம் காணும் கருங்கல் ஒவ்வொன்றும் மேற்கிலோ தெற்கிலோ உள்ள பாறை நிலங்களிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதனால்தான் பழைய கோயில்கள் பல முதலில் செங்கல் கோயில்களாக இருந்தன. கண்டராதித்த சோழரின் தேவியாரான செம்பியன் மாதேவியார் 10ஆம் நூற்றாண்டில் அவற்றுள் பலவற்றைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, மாற்றிக் கட்டுவித்தார். கோனேரிராசபுரம் என்று இன்று வழங்கும் திருநல்லம் அவற்றுள் ஒன்று. கல் வந்த வழியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறை மேல் எழும் விமானத்தின் அளவு வேறு விதமாகப் புலப்படும்.

கனத்த நூல்களைச் சுமந்து செல்லத் தேவையில்லை. விமானத்தில் கீழிருந்து மேலாக அடித்தளமான அதிட்டானம், சுவர், கூரை விளிம்பான பிரஸ்தரம், கழுத்தான கிரீவம், தலையான சிகரம், உச்சிக் கலசமான தூபி என்ற ஆறு உறுப்புகளையும், சுவரில் தெய்வத் திருமேனி அமரும் மாடமாகிய தேவகோட்டம், தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை ஆகிய இரண்டையும் அடையாளம் காணத் தெரிந்தால் போதும். இவற்றுள் போதிகையே காலத்தைக் கண்டறிய மிகவும் உதவுகிறது. முற்காலச் சோழர் போதிகை சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் சிறிய துருத்தலோடு எளிமையாக இருக்கும். பிற்காலச் சோழர் காலத்தில் அந்தத் துருத்தல் மொட்டு வடிவத்தை நோக்கி வளர்கிறது. விசயநகர, நாயக்கர் காலத்துத் தூண்களில் அது தலைகீழாகத் தொங்கும் முழுப் பூமொட்டாகவே ஆகிவிடுகிறது. எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தூணின் தலையைப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், வழிகாட்டியின் துணை இல்லாமலேயே காலத்தை ஏறத்தாழக் கணிக்கலாம்.

இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளத் தஞ்சைப் பெரிய கோயிலின் முற்றத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. முதலாம் இராசராசன் 1010இல் நிறைவேற்றிய விமானம் சுமார் 216 அடி உயரம் கொண்டது. பதின்மூன்று தளங்கள் நேர்க்கோட்டில் குறுகிக்கொண்டே மேலேறுகின்றன. அதே முற்றத்தில் வடபுறமாக உள்ள அம்மன் சந்நிதி பாண்டியர் காலத்தது. வடமேற்கில் உள்ள முருகன் சந்நிதி நாயக்கர் காலத்தது. நந்தி மண்டபமும் அவர்கள் காலத்ததே. திருச்சுற்றுச் சுவரில் மராட்டியர் தம் குல வரலாற்றை 1803இல் நீண்ட கல்வெட்டாகப் பொறித்திருக்கிறார்கள். எனவே முதல் சுற்றில் விமானத்தை மட்டும் பாருங்கள். இரண்டாம் சுற்றில் அதிட்டானத்தையும் அதன் கல்வெட்டுகளையும் பாருங்கள். மூன்றாம் சுற்றில் முருகன் சந்நிதிக்குச் சென்று, அங்குள்ள சுவர்த் தூண்களின் நுண்வேலையை விமானத்தின் அகன்ற, அமைதியான சுவரோடு ஒப்பிடுங்கள். ஆறு நூற்றாண்டு இடைவெளியில் சிற்பியின் ஆர்வம் பெரிய அளவிலிருந்து நுணுக்கத்துக்கு மாறியிருப்பது அந்தச் சில அடி தூரத்திலேயே தெரிந்துவிடும். இராசராசன் திருவாயிலில் வாயிற்காவலர் உருவங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சென்றுவிடாமல், அடித்தளத்தை ஒட்டிக் குனிந்து, அங்கே வரிசையாக உள்ள சிறு புராணச் சிற்பங்களையும் காண வேண்டும். கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்படுவதில்லை. அவற்றின் நகல்களைக் கோயில் வளாகத்தில் உள்ள காட்சிக்கூடத்தில் பார்க்கலாம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று உங்களிடம் யாராவது சொன்னால், காலை நேரத்தில் மேற்குப் புறம் சென்று பாருங்கள். நிழல் நன்றாகவே விழுந்திருக்கும். இக்கட்டடத்தின் பெருமைக்கு அந்தக் கதை தேவையில்லை.

நண்பகலில் அரண்மனைக்குச் செல்லலாம். கல்லுக்குப் பதிலாகச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வளைவுகளும் ஆட்சி செய்யும் வேறொரு கட்டுமானம் அங்கே உள்ளது. நாயக்கர் தொடங்கி மராட்டியர் விரிவாக்கிய தர்பார் மண்டபங்கள், மணிக்கோபுரம், சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம் ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779இல் கிறித்தவ மறைப்பணியாளர் சுவார்ட்சு கட்டிய தேவாலயத்தில், அவருடைய மரணப் படுக்கையருகே மராட்டிய மன்னர் சரபோசி நிற்பதைக் காட்டும் பளிங்குப் புடைப்புச் சிற்பம் உள்ளது. அதை வடித்தவர் இங்கிலாந்துச் சிற்பி பிளாக்சுமன்.

கும்பகோணத்துக்குப் புறப்படும் காலையில், வழியில் பசுபதிகோயிலில் இறங்கிப் புள்ளமங்கை பிரமபுரீசுவரர் கோயிலைத் தவறாமல் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்ததாகக் கருதப்படும் இச்சிறிய கற்றளிக்காகவே நான் இந்தப் பயணத்தைப் பலருக்குப் பரிந்துரைக்கிறேன். தேவகோட்டச் சிற்பங்களைப் பார்த்த பிறகு தரையில் அமர்ந்து, சுவர்த் தூண்களின் அடியில் உள்ள உள்ளங்கை அகலச் சிற்றுருவங்களை ஒவ்வொன்றாக நோக்குங்கள். இராமாயணக் காட்சிகளும் சிவபெருமானின் ஆடல்களும் அந்தச் சிறு சட்டத்துக்குள் நெருக்கமாகத் தெரியாத வகையில் அடங்கியிருக்கின்றன. தஞ்சையில் கண்ட பேரளவுக்குச் சுமார் நூறு ஆண்டுகள் முன்பே இத்தகைய நுட்பம் கைவந்திருந்தது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். முதுகில் கனத்த பை இருந்தால் இந்த மாதிரிக் குனிந்தும் அமர்ந்தும் பார்ப்பது இயலாது.

கும்பகோணத்தில் முதல் மாலையைத் தாராசுரத்துக்குக் கொடுங்கள். ஊரிலிருந்து நான்கு கி.மீ. தான், நகரப் பேருந்தோ ஆட்டோவோ போதும். இரண்டாம் இராசராசன் எடுத்த ஐராவதேசுவரர் கோயில் தஞ்சை விமானத்தின் பாதி உயரம்கூட இல்லாதது. ஆனால் கண் ஓய்வதற்கு இடமே விடாதது. முன் மண்டபம் சக்கரமும் குதிரையும் பூட்டிய தேராக அமைக்கப்பட்டிருக்கிறது. விமானத்தின் அதிட்டானத்தில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிற்பத் தொடராகச் செதுக்கப்பட்டுள்ளன. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இம்மன்னனின் தந்தையான இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் என்பதால், நூல் இயற்றப்பட்ட ஒரு தலைமுறைக்குள் அது கல்லில் ஏறிவிட்டது. ஒரே தலையைக் காளையும் யானையும் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தில், ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்துப் பார்த்தால் தலை யாருடையது என்பது மாறும். கோயில் சுற்றியுள்ள நிலத்தைவிடத் தாழ்ந்திருப்பதால் மழைக்காலத்தில் முற்றத்தில் நீர் தேங்கிவிடும். அக்காலத்தில் சென்றால் அதிட்டானத்தை நெருங்கிப் பார்ப்பது கடினம்.

மறுநாள் அதிகாலையில் கங்கைகொண்ட சோழபுரம். கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறினால் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை உள்ள இடத்தில் கொள்ளிடத்தைக் கடக்க வேண்டியிருக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்தெடுத்து இந்த அணைக்குப் பயன்படுத்தினார்கள். ஆகவே அணையைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குச் செல்லும்போது, அங்கே உயர்ந்த சுற்றுமதிலும் கோபுரமும் இல்லாமல் விமானம் திறந்த வெளியில் தனித்து நிற்பதன் காரணம் விளங்கும். விமானம் சுமார் 180 அடி. தஞ்சையில் நேர்க்கோடாக ஏறிய விளிம்பு இங்கே உட்குழிந்து வளைந்து ஏறுகிறது. அதை வடமேற்கு மூலையிலிருந்து பார்ப்பது நல்லது. பின்னர் வடக்கு வாயிற்படிக்கு வந்து, சண்டேசுவரரின் தலையில் சிவபெருமான் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் நேரம் செலவிடுங்கள். குனிந்த அந்தத் தலையையும் கூப்பிய கைகளையும் பார்த்தவர்கள் வேறெங்கும் விரைந்து செல்ல விரும்புவதில்லை.

கும்பகோணம் நகரத்தை நடந்தே பார்க்க வேண்டும். நாகேசுவரன் கோயிலின் தேவகோட்டங்களில் உள்ள முற்காலச் சோழர் மானுட உருவங்கள், சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம், இராமசுவாமி கோயிலின் நாயக்கர் தூண்கள், மகாமகக் குளத்தைச் சுற்றி நாயக்கர் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் எழுப்பிய பதினாறு மண்டபங்கள் ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில்தான் உள்ளன. நண்பகலில் அக்கிரகாரத் தெருக்களில் நடந்தால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று ஒரே நேர்க்கோட்டில் உள்ளே செல்லும் வீடுகளின் அமைப்பை வாசலிலிருந்தே காணலாம். திண்ணைத் தூணின் மரப்போதிகையைக் கோயில் தூணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே எட்டிப் பார்ப்பதற்கு முன் வீட்டாரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். கேட்டால் பெரும்பாலும் அழைத்துக் காட்டுவார்கள். அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. கட்டடங்களுக்காக வருபவர்கள் அந்த ஆண்டு மாசி மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

கடைசி முழு நாளை மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடிக்கு ஒதுக்குங்கள். 1620இல் டேனியர் எழுப்பிய டான்சுபோர்க் கோட்டை, 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயம், செருமானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், 1792ஆம் ஆண்டு நகர வாயில் ஆகியவை ஒரே தெருவை ஒட்டி அமைந்திருக்கின்றன. கோட்டை அருங்காட்சியகத்தின் வார விடுமுறை நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கடலரிப்பில் ஒரு பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியன் குலசேகரன் காலத்தில் 1306இல் எழுந்தது. ஆறாவது நாளும் இருந்தால் திருவாரூருக்குச் சென்று தேவாசிரிய மண்டபத்தின் முசுகுந்தன் கதை ஓவியங்களைக் காணலாம்.

மார்கழியும் தையும் மாசியும் ஏற்ற மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். சித்திரை, வைகாசியில் வெறுங்காலோடு கல் தளத்தில் நிற்க முடியாது. ஆனால் மார்கழியில் கதிரவன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சுவரில் நேர் வெயில் படவே படாது. தெற்குக் கோட்டங்களைக் காலையிலோ மாலையிலோ சாய்வெளிச்சத்தில் பாருங்கள். வடக்குக் கோட்டங்களை எந்த நேரத்திலும் சீரான நிழலில் பார்க்கலாம்.

பை 25 லிட்டருக்கு மேல் வேண்டாம். நீர் நீங்கலாக எடை 5 கிலோவுக்குள் இருக்கட்டும். உடுத்தியது போக இரண்டு பருத்தி உடைகள், இரவில் துவைத்தால் காலையில் உலர்ந்துவிடும் ஈரிழைத் துண்டு ஒன்று, வெயிலுக்கும் மழைக்கும் மடக்குக் குடை, கோட்டங்களின் இருளுக்குச் சிறிய டார்ச், கோடில்லாத குறிப்பேடும் பென்சிலும், மேல்தளச் சிற்பங்களைக் காண எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி ஆகியவை போதும். இவற்றுள் எதை விட்டாலும் தொலைநோக்கியை விடாதீர்கள். தஞ்சை விமானத்தின் மேல்தளங்கள் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. வாரிழுத்துக் கட்டும் காலணி எல்லா வாயில்களிலும் நேரத்தைத் தின்னும். கழற்றி மாட்ட எளிதான செருப்பே ஏற்றது. முக்காலி வைத்துப் படமெடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். கருவறைக்குள் படமெடுப்பது எங்கும் கூடாது. படம் எடுப்பதைவிட வரைந்து பார்ப்பது நல்லது. ஒரு போதிகையைப் பத்து நிமிடம் வரைந்தவர் அதை மறுமுறை எங்கே கண்டாலும் அடையாளம் காண்பார். திரும்பும் ரயிலுக்கு மாலை நேரத்தில் பதிவு செய்தால், கடைசி நாள் காலையில் உங்களை மிகவும் கவர்ந்த கட்டடத்தை இரண்டாம் முறை சென்று பார்க்க நேரம் கிடைக்கும்.