பாரம்பரிய நீராவி ரயில்: காசு பார்க்கப் போய்ச் செய்யும் தவறுகள்

நீலகிரி மலையின் நீராவி ரயில் என்று ஆசையாக ஊட்டியில் டிக்கெட் எடுத்து குன்னூரில் இறங்கும் பலருக்கு, தங்களை ஓட்டி வந்தது டீசல் எஞ்சின் என்பது அங்கே போனபின்தான் உறைக்கும். டீசல் ஓடுவதில் தப்பே இல்லை. எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பல்தண்டவாளம், அடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். அதற்கு மேல் ஏற்றம் குறைவு, டீசலே போதும். விளம்பரத்தில் புகை கக்கும் படத்தைப் போட்டுவிட்டு, எந்தப் பகுதியில் எந்த எஞ்சின் என்று சொல்லாமல் விடுவதுதான் கோளாறு. ஒரு வரி போட்டால் தீர்ந்தது.

இதைவிடச் சிக்கலான தவறு, 'அசல்' என்றால் ஏதோ ஓர் ஆண்டு என்று நினைப்பது. நீலகிரி மலை ரயில் 1899-ல் குன்னூரைத் தொட்டது, 1908-ல் ஊட்டியை. இன்று அடையாளமாகிவிட்ட எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து 1914 வாக்கில்தான் வரத் தொடங்கின. பின்னாளில் சிலவற்றில் நிலக்கரி போய் எண்ணெய் வந்தது. திருச்சி பொன்மலைப் பணிமனையே புது எஞ்சின்களைக் கட்டியது. இதில் எது அசல்? இங்கிலாந்திலும் ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற புகழ்பெற்ற நீராவி எஞ்சினுக்கு எந்தப் பச்சை பூசுவது என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் பெயின்ட், மெத்தை, எரிபொருள் எல்லாம் மாறலாம். மாறக் கூடாதது ரயில் மலையேறும் விதம். 12 அடி நகர்ந்தால் ஓர் அடி உயரும் பாதை அது. எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. சமதளத்தில் இரண்டு சிலிண்டர்கள்தான் வேலை செய்யும். பல்தண்டவாளம் வந்ததும், அவற்றில் பாடுபட்டு வெளிவரும் அதே நீராவி அடுத்த இரண்டு சிலிண்டர்களுக்குள் புகுந்து பல்சக்கரத்தைச் சுழற்றும். பெட்டிக்குப் பெட்டி பிரேக் போட ஓர் ஆள், பிரேக்ஸ்மேன், உண்டு. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்த ரயில் சேர்ந்ததில் இந்தப் பொறியியலுக்குப் பெரிய பங்கு உண்டு, பெட்டியின் நீல நிறத்துக்கு அல்ல. ஆனால் பயணிக்கு இதை யாரும் விளக்குவதில்லை. செல்ஃபி எடுக்க இடம் மட்டும் ஒதுக்கிவிடுகிறார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும். கணக்குப் பார்ப்பவருக்கு அது வெட்டி நேரம். இறங்கி டீ குடித்தபடி குரங்குகளிடம் பிஸ்கட்டைப் பறிகொடுப்பவருக்கோ அதுவும் பயணத்தில் சேர்த்தி.

கட்டண விஷயத்தில் 2020 டிசம்பரைப் பார்க்கலாம். கொரோனாவால் நின்ற வழக்கமான வண்டி திரும்ப ஓடத் தொடங்கும் முன்பே, தனியார் வாடகைக்கு எடுத்த சிறப்பு ரயில் ஓடியது. டிக்கெட் 3,000 ரூபாய். மலை ரயிலைத் தனியாருக்கு விற்றுவிட்டார்களா என்று கொந்தளிப்பு. தனியாருக்குக் கொடுக்கவில்லை என்று ரயில்வே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. சிறப்பு ரயிலுக்கு அதிகம் வாங்குவது நியாயம்தான், அந்த வருமானத்தில் சாதாரண வண்டி பிழைக்கும். ஆனால் சாதாரண வண்டி நின்றிருக்கும்போது அதைச் செய்தால் யார் நம்புவார்கள்?

பழமைவாதிகளும் சளைத்தவர்கள் இல்லை. பாதுகாப்புக்காக எதை மாற்றினாலும் 'அசல் போச்சு' என்பார்கள். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம்–மாலெய்க் நீராவி ரயிலின் பழைய பெட்டிக் கதவுகளுக்கு மையப் பூட்டு, அதாவது எல்லாக் கதவுகளையும் ஒரே இடத்திலிருந்து பூட்டும் வசதி, வேண்டும் என்றது ரயில் ஒழுங்குமுறை அமைப்பு. செலவு தாங்காது என்று அதை ஓட்டும் நிறுவனம் வழக்காடி 2023 டிசம்பரில் தோற்றது. பூட்டு வந்ததால் அந்த ரயிலின் புகை குறையப்போவதில்லை.

வரும் காசு எங்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வரவேற்பறை, விளக்கு அலங்காரம் என்று செலவழித்துவிட்டுப் பணிமனையைப் பட்டினி போட்டால், ஐந்தாறு வருடத்தில் காட்ட எஞ்சினே இருக்காது. பாய்லர் வேலை தெரிந்தவர் ஓய்வுபெறும் முன் அடுத்தவர் பழகியிருக்க வேண்டும். குன்னூர் ஷெட்டில் அந்த வேலையை நின்று பார்க்கத் தனி டிக்கெட் போட்டால், வரிசையில் முதல் ஆள் நான்தான்.