எலும்பு மஜ்ஜைக் கொடை: பதிவு செய்வோரும் செய்ய வைப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிவத்தை நிரப்பி, பஞ்சுக்குச்சியைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்துக் கொடுக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அந்தச் சில நிமிடங்களில் நேரும் தவறு வெளியே தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். எங்கோ ஒரு நோயாளிக்கு உங்கள் திசு வகை பொருந்துகிறது என்று, கொடையாளர் பட்டியலை வைத்திருக்கும் பதிவகத்தின் கணினி காட்டும் நாளில்தான் அது தெரியவரும். அப்போது தொலைபேசி எண் மாறியிருக்கும். அல்லது வீட்டில் வேண்டாம் என்பார்கள். அல்லது கொடையாளரே "இப்படியெல்லாம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே" என்பார். இங்கே சொல்வதெல்லாம் அந்த நாளை மனதில் வைத்துத்தான். பெயர் சேர்வதைவிட, கூப்பிடும்போது பெயருக்குரியவர் வருவது முக்கியம்.

மஜ்ஜை வேறு, தண்டுவடம் வேறு

மஜ்ஜை என்றதும் பலருக்கு முதுகுத்தண்டில் ஊசி குத்துவதுதான் நினைவுக்கு வருகிறது. "அப்புறம் எழுந்து நடக்க முடியாமல் போனால்?" என்ற பயம் அங்கிருந்துதான் பிறக்கிறது. தண்டுவடம் நரம்பு சார்ந்தது. மஜ்ஜைக் கொடையில் அதன் பக்கமே யாரும் போவதில்லை. மஜ்ஜை என்பது எலும்புக்குள் இருக்கும், ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் மென்மையான திசு. நோயாளிக்கு வேண்டியது அதிலுள்ள ரத்த ஸ்டெம் செல்கள், அதாவது ரத்த அணுக்களாக வளரும் மூலச் செல்கள் மட்டுமே. ரத்தப் புற்றுநோய், மரபுவழி ரத்தக் கோளாறான தலசீமியா, மஜ்ஜையே வற்றிப்போகும் அப்ளாஸ்டிக் அனீமியா போன்ற நோய்களில் பழுதான மஜ்ஜைக்குப் பதிலாக இந்தச் செல்கள் போய் அமர்ந்து புதிய ரத்தத்தை உண்டாக்குகின்றன.

பயமுறுத்துவது எவ்வளவு கெடுதலோ, பூசி மெழுகுவதும் அவ்வளவு கெடுதல். "ரத்ததானம் மாதிரிதான், ஒன்றுமே இல்லை" என்று சொல்லிப் பதிவு வாங்குகிறவர்கள் உண்டு. எண்ணிக்கை கூடும். ஆனால் உண்மையான விவரத்தை முதல்முறையாக மருத்துவமனையில் கேட்கும் கொடையாளர் அங்கேயே பின்வாங்கிவிடுவார். ஆகவே இரண்டு முறைகளையும் உள்ளபடியே சொல்லிவிட வேண்டும்.

இன்று பெரும்பாலான கொடைகள் ரத்தத்திலிருந்தே எடுக்கப்படுகின்றன. அதற்கு முன் 4 அல்லது 5 நாட்கள் ஃபில்கிராஸ்டிம் என்ற மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவார்கள். அது மஜ்ஜையைத் தூண்டி, ஸ்டெம் செல்களை ரத்த ஓட்டத்துக்குள் இறங்க வைக்கும். அந்த நாட்களில் இடுப்பு, முதுகு எலும்புகளில் வலியும் தலைவலியும் காய்ச்சல் வரப்போவது போன்ற அசதியும் இருக்கும். பெரும்பாலும் பாராசிட்டமாலுக்கு அடங்கும். ஊசி நின்ற சில நாட்களில் போய்விடும். ஆஸ்பிரின் வகை மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

எடுக்கும் நாளில் ஒரு கையிலிருந்து ரத்தம் எந்திரத்துக்குப் போகும். ஸ்டெம் செல்கள் பிரிந்தபின் மீதி ரத்தம் மறு கை வழியாக உடம்புக்குத் திரும்பும். 4 முதல் 6 மணி நேரம் ஆகும். செல்கள் போதவில்லை என்றால் மறுநாளும் உட்கார வேண்டியிருக்கும். ரத்தம் எடுக்கும் கையை மடக்காமல் வைத்திருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போவதுகூட அப்போது சிரமம். இடையில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் சுருசுருவென்று இருக்கலாம். எந்திரத்துக்குள் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. பொறுத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். எந்திரத்தின் வேகத்தைக் குறைத்தோ கால்சியம் கொடுத்தோ சரிசெய்வார்கள்.

இன்னொரு முறையில் இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து மஜ்ஜையை நேரடியாக எடுப்பார்கள். பொதுவாக முழு மயக்கத்தில் நடப்பதால் எடுக்கும்போது வலி தெரியாது. 1 முதல் 2 மணி நேர வேலை. எடுக்கும் அளவுக்கு வரம்பு உண்டு: கொடையாளரின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்கு மேல் போகக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவரிடம் அதிகபட்சம் 1,200 மில்லி. விழித்தபின் இடுப்பில், வழுக்கி விழுந்து அடிபட்டது போன்ற வலி இருக்கும். அது சில நாட்களில் குறையும். சிலருக்குச் சில வாரங்கள் ஆகும். எடுத்த மஜ்ஜை 4 முதல் 6 வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். நோயாளி குழந்தையாக இருந்தாலோ, அப்ளாஸ்டிக் அனீமியா போன்ற நோயாக இருந்தாலோ மருத்துவர்கள் இந்த முறையைக் கேட்பதுண்டு. கொடையாகப் பெற்ற செல்கள் நோயாளியின் உடம்பையே நீண்டகாலம் தாக்கும் சிக்கல் இதில் குறைவு.

'அந்தக் குழந்தைக்கு மட்டும்' என்று பதிவு செய்வது

தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்றதும் நண்பர்களெல்லாம் திரண்டு வந்து பதிவு செய்வார்கள். நல்ல மனம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கே பொருந்தும் வாய்ப்பு மிகச் சொற்பம். பொருந்த வேண்டியது ரத்த வகை அல்ல; எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளம். 6-வது குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுக்கள் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. உடன்பிறந்த ஒருவருக்கே முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். வழக்கமாக 5 மரபணுக்களில் இரண்டிரண்டாக 10 அடையாளங்களை ஒப்பிடுவார்கள். (ரத்த வகை வேறாக இருந்தாலும் மாற்று சிகிச்சை நடக்கும்; பிறகு நோயாளியின் ரத்த வகையே கொடையாளரின் வகையாக மாறிவிடும்.)

நீங்கள் பதிவு செய்தால் உங்கள் திசு வகை உலகெங்கும் உள்ள நோயாளிகளுக்காகத் தேடப்படும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து முகம் தெரியாத ஒருவருக்காக அழைப்பு வரலாம். வராமலே போகவும் வாய்ப்பு அதிகம். முகாம் நடத்துகிறவர்கள் இதை முதல் வாக்கியமாகவே சொல்ல வேண்டும். "அந்தக் குழந்தைக்கென்றால் கொடுப்பேன், மற்றவர்களுக்கு யோசிப்பேன்" என்பவரைப் பதிவு செய்யச் சொல்லாதீர்கள்.

உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்ட கொடையாளர்கள் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் பொருத்தம் கிடைக்காமல் போவது, திசு அடையாளம் வம்சாவளியோடு வருவதால்தான். அமெரிக்கத் தேசியப் பதிவகத்தின் கணக்கில் வெள்ளையர்களில் 79 விழுக்காட்டினருக்கு முழுப் பொருத்தம் கிடைக்க வாய்ப்புண்டு. கறுப்பினத்தவருக்கு அது 29 விழுக்காடு மட்டுமே. தெற்காசிய வம்சாவளியினரும் பதிவேடுகளில் குறைவாகவே இருக்கிறார்கள். ஒவ்வொரு புதுப் பெயருக்கும் இத்தனை மதிப்பு இருப்பது இதனால்தான்.

மாதிரி எடுக்கும்போது

சாப்பிட்டதும், காபி குடித்ததும், புகைத்ததும் மாதிரி கொடுக்கக் கூடாது. அரை மணி நேரமாவது வாய் சும்மா இருக்கட்டும். குச்சியை உமிழ்நீரில் நனைத்து எடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. எச்சில் அல்ல, கன்னத்தின் உட்சுவரிலுள்ள செல்கள்தான் வேண்டும். ஆகவே பஞ்சுமுனையைக் கன்னத்தில் நன்றாக அழுத்தி, மேலும் கீழும் உருட்டித் தேய்க்க வேண்டும். உறையில் சொல்லியிருக்கும் நேரம் முழுவதும். பஞ்சை விரலால் தொடக் கூடாது. ஈரத்தோடு மூடி வைத்தால் நுண்ணுயிர்கள் பெருகி டி.என்.ஏ. சிதைந்துவிடும், காற்றில் உலரவிட்டு, கொடுத்த காகித உறையிலேயே போடுங்கள். நெரிசலில் இருவரின் பட்டைக்குறி (பார்கோடு) ஒட்டுகள் மாறிப்போனால் இரண்டு பெயர்களும் வீண். ஒருவரின் குச்சிகள், படிவம், ஒட்டு மூன்றும் முடிந்து உறை மூடிய பிறகே அடுத்தவரை உட்கார வையுங்கள்.

ஒருவரே இரண்டு பதிவகங்களில் சேர்வதும் உதவியல்ல. பரிசோதனைச் செலவு இரட்டிப்பாகும். தேடும் மருத்துவருக்கு ஒரே ஆள் இரண்டு கொடையாளராகத் தெரிவார்.

உடல்நிலையை மறைப்பது

நல்ல காரியத்துக்குத் தடை வேண்டாமே என்று பழைய நோயைச் சொல்லாமல் விடுகிறார்கள். எச்.ஐ.வி., தீவிர இதயநோய், புற்றுநோய், உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்கள் போன்றவை இருந்தால் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். கர்ப்பம் தற்காலிகத் தடை மட்டுமே. முதுகுவலி, ஆஸ்துமா, நீரிழிவு எல்லாம் அளவைப் பொறுத்தது; தீர்மானிப்பதைப் பதிவக மருத்துவரிடம் விடுங்கள். மறைத்தாலும் பொருத்தம் வந்தபின் ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. என்று முழுச் சோதனை நடக்கும், அப்போது தெரிந்துவிடும். அதற்குள் நோயாளிக்கு வாரக்கணக்கில் காலம் போயிருக்கும்.

பதிவு செய்வதையும் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான பதிவகங்கள் 18 வயதில் சேர்க்கின்றன. மேல் வரம்பு இடத்துக்கு இடம் மாறும். பொருத்தம் ஒரே அளவில் இருந்தால் மருத்துவர்கள் இளையவரையே தேர்ந்தெடுக்கிறார்கள், நோயாளி பிழைக்கும் வாய்ப்பு கூடுவதால். "வேலையில் நிலைத்தபின் பார்க்கலாம்" என்று பத்தாண்டு கழித்து வருபவர், தாம் மிக அதிகம் பயன்பட்டிருக்கக்கூடிய ஆண்டுகளைக் கடந்துவிட்டிருப்பார்.

வீட்டில் சொல்லாமல் பதிவு செய்வது

அழைப்பு வந்த பிறகு அம்மாவிடம் முதல்முறையாகச் சொன்னால், கேட்கும் முதல் கேள்வியே "உன் உடம்புக்கு ஏதாவது ஆனால்?" என்பதுதான். அவர் கேட்பது நியாயம். அவகாசமில்லாமல் கேட்கும்போது பதில் கேட்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. பதிவு செய்த அன்றே வீட்டில் சொல்லுங்கள்: தண்டுவடத்தைத் தொட மாட்டார்கள், மஜ்ஜை திரும்ப ஊறிவிடும், பிள்ளை பெறுவதற்கு இதனால் தடையில்லை, செலவு கொடையாளர் தலையில் விழாது. மஜ்ஜைக்குப் பணமும் வாங்க முடியாது.

தாமதமாகச் சொல்லும் 'முடியாது'

எந்தக் கட்டத்திலும் விலகும் உரிமை கொடையாளருக்கு உண்டு. யாரும் கட்டாயப்படுத்த முடியாது, கூடாது. ஆனால் எந்த நாளில் விலகினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். மாற்று சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பே நோயாளிக்குக் கடும் கீமோவோ கதிர்வீச்சோ கொடுத்து, பழைய மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவரால் சொந்தமாக ரத்தம் உண்டாக்க முடியாது. வரவேண்டிய செல்கள் வரவில்லையென்றால் அவர் இறந்துபோக நேரலாம். அந்தக் கீமோ தொடங்கும் முன் கொடையாளரிடம் இறுதிச் சம்மதம் கேட்பது இதற்காகத்தான். சந்தேகம் இருந்தால் முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்; வேறு ஒருவரைத் தேட அவர்களுக்கு நேரம் கிடைக்கும். தட்டிக் கழிப்பதும், அழைப்பை எடுக்காமல் விடுவதும் நேரடியாக மறுப்பதைவிடக் கெடுதல்.

சம்மதித்தபின் கொடைநாள் வரை புதிதாகப் பச்சை குத்திக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டுப் பயணம், காய்ச்சல், புது மருந்து எதுவானாலும் ஒருங்கிணைப்பாளரிடம் உடனே சொல்லுங்கள்.

கடைசியாக, தொலைபேசி எண். மாறும்போதெல்லாம் பதிவகத்துக்குத் தெரிவியுங்கள். எப்போதும் எட்டக்கூடிய உறவினர் ஒருவரின் எண்ணையும் கொடுங்கள். பதிவகத்தின் எண்ணை உங்கள் தொலைபேசியில் பெயரோடு சேமித்தால், தெரியாத அழைப்பு என்று துண்டிக்க மாட்டீர்கள். கொடுத்து முடித்த பிறகும் இதை விட்டுவிட வேண்டாம். சில நோயாளிகளுக்கு நோய் திரும்பத் தலைகாட்டும்போது, அதே கொடையாளரின் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் தேவைப்படும். அப்போது அவர்கள் தேடுவது உங்கள் ஒருவரைத்தான்.