கிருமிப் பாடம் நடத்த ஒரு டப்பா சுண்ணாம்பும் கொஞ்சம் ஜிகினாவும் போதும்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கிருமி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "கண்ணுக்குத் தெரியாதுக்கா, சோப்பு போட்டா செத்துடும்" என்று டிவி விளம்பரத்தை அப்படியே ஒப்பிப்பார்கள். சரி, காலரா வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தால் காலரா ஒட்டிக்கொள்ளுமா, டெங்கு வந்த பையனின் தட்டில் சாப்பிட்டால் டெங்கு வருமா என்று அடுத்ததாகக் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். என் மாலை வகுப்பில் நான் பார்த்த வரையில் கிருமி இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிகிறது, அது எந்த வழியாக வருகிறது என்பதில்தான் குழப்பம். அதனால் கிருமிகளின் பெயர்ப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, வழியைக் காட்டுவதையே பாடமாக வைத்திருக்கிறேன். முதல்முறை நடத்தப்போகிறவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், மூன்று மாலைகளாவது வேண்டும்.

தேவையானவை: வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு ஒரு டப்பா, மஞ்சள் தூள், தேங்காய் எண்ணெய், ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் ஜிகினாத் தூள், சோப்பு, காகித டம்ளர்கள், ஒரு கிண்ணம் இட்லி மாவு.

படி 1: இட்லி மாவிலிருந்து தொடங்குங்கள்

முந்தின நாள் இரவு அரைத்த மாவு காலையில் ஏன் பொங்கி நிற்கிறது? யாரும் ஊதவில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டியிருந்த பாக்டீரியாக்கள் ராத்திரி முழுக்க வேலை பார்த்ததால் வந்த காற்றும் புளிப்பும்தான் அது. தயிரும் அப்படித்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நுண்ணுயிர் என்றாலே விஷம் என்ற பயம் போய்விடும், நோய் உண்டாக்குபவை அதில் ஒரு பகுதி மட்டும்தான் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

வகைகளை இங்கேயே வேகமாகச் சொல்லி முடித்துவிடலாம். காலரா, டைஃபாய்டு, காசநோய் பாக்டீரியாவால் வருபவை. சளி, தட்டம்மை, டெங்கு வைரஸால் வருபவை. படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் பூஞ்சை. மலேரியா ஓர் ஒட்டுண்ணியால் வருவது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை பாக்டீரியாவிடம்தான் செல்லுபடியாகும், வைரஸ் சளிக்கு அதை விழுங்கிப் பயனில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்வார்கள்.

படி 2: மணி அடித்ததிலிருந்து மணி அடிக்கும்வரை

ஈ.கோலை போன்ற சில பாக்டீரியாக்கள், சூடும் ஈரமும் தீனியும் சரியாக அமைந்தால், சுமார் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். காலை 9.30 மணிக்குச் சாப்பாட்டு டப்பாவில் ஒன்றே ஒன்று விழுந்தது என்று வைத்துக்கொண்டு கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். 1, 2, 4, 8... முதலில் சிரித்துக்கொண்டே எழுதுவார்கள். மாலை 4.10க்குள் 20 முறை இரட்டித்திருக்கும், அதாவது 10,48,576. பத்து லட்சத்தைத் தாண்டியதும் வகுப்பில் சத்தமே இருக்காது. நிஜத்தில் தீனி தீர்ந்து வேகம் குறையும் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "அப்போ உலகமே பாக்டீரியாவா நிறைஞ்சிருக்கணுமே" என்று ஒருத்தர் கேட்பார். கேட்டார்கள்.

படி 3: ஜிகினாக் கை

இரண்டு பிள்ளைகளின் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு சிட்டிகை ஜிகினா தூவி, நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள். கண்ணைத் தேய்க்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்புறம் பத்து நிமிடம் அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும், பேனா கடன் வாங்கட்டும், கதவைத் திறக்கட்டும், கை குலுக்கட்டும். பிறகு மற்றவர்கள் ஜிகினாவைத் தேடிப் போக வேண்டும். நோட்டு அட்டை, தாழ்ப்பாள், தண்ணீர்ப் பானையின் மூடி, ஒரு பெண்ணின் மூக்கு நுனி என்று எங்கெல்லாமோ மின்னும்.

இப்போது அந்த இருவரில் ஒருவர் வெறும் தண்ணீரில் அலசட்டும், இன்னொருவர் சோப்பு போட்டு இருபது வரை மெதுவாக எண்ணித் தேய்க்கட்டும். வெறும் தண்ணீர்க் கையில் எண்ணெயோடு ஜிகினா அப்படியே இருக்கும். சோப்புக் கையிலும் கட்டை விரலைச் சுற்றியும் நகக் கண்ணிலும் விரல் இடுக்கிலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அதைத்தான் நீங்கள் காட்ட வேண்டும். சோப்பு முக்கியமாக எண்ணெயையும் அழுக்கையும் தோலிலிருந்து கழற்றிவிடுகிறது, அதோடு ஒட்டியிருக்கும் கிருமியும் தண்ணீரில் போய்விடுகிறது. கொரோனா, ஃப்ளு போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு, அதைச் சோப்பு உடைத்தே விடும்.

தட்டில் தண்ணீர் விட்டு, மிளகுத்தூளைத் தூவி, சோப்பு விரலை வைத்ததும் மிளகு விலகி ஓடும் சோதனையைப் பலர் செய்கிறார்கள். பார்க்க அழகு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை குறைவதால் நடப்பது. கிருமி சோப்பைக் கண்டு பயந்து ஓடுகிறது என்றுதான் பிள்ளைகள் மனதில் பதியும், அப்புறம் ஏன் தேய்க்க வேண்டும்?

படி 4: சுண்ணாம்புத் தண்ணீர் விளையாட்டு

மொத்தப் பாடத்துக்கும் இதுதான் உயிர், நேரத்தை இங்கே செலவழியுங்கள். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கும் என்பது எல்லார் வீட்டிலும் தெரிந்ததுதான், அதையே நோய் பரவுவதைக் காட்டப் பயன்படுத்துகிறோம்.

முதல் நாள் இரவே ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சுண்ணாம்பைக் கலக்கி வைத்துவிடுங்கள். காலையில் அடியில் தங்கியதைக் கலக்காமல் மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள், பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும். சமையல் சோடாவும் போட்டுப் பார்த்தேன், நிறம் மங்கலாகத்தான் வந்தது. இன்னொன்று, உங்கள் ஊர்த் தண்ணீரில் வெறும் மஞ்சளைக் கரைத்துச் சோதித்துவிடுங்கள். சில ஊர் போர் தண்ணீர் தானாகவே லேசாகச் சிவந்து ஆளை ஏமாற்றும், அப்படியானால் கேன் தண்ணீர்தான்.

16 பேர், 16 டம்ளர். எல்லாவற்றிலும் கால் டம்ளர் தண்ணீர், யாருக்கும் தெரியாமல் ஒன்றில் மட்டும் சுண்ணாம்புத் தெளிவு. குடிக்கக் கூடாது, முகத்தருகே கொண்டுபோகக் கூடாது என்று இரண்டு முறை சொல்லுங்கள், ஊற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஒருவர் தன் தண்ணீர் முழுவதையும் இன்னொருவர் டம்ளரில் ஊற்றி, கலந்து, பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படி மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஆள். யாரோடு மாற்றினோம் என்பதை வரிசையாக எழுதி வைக்க வேண்டும்.

முடிந்ததும் ஒவ்வொரு டம்ளரிலும் மஞ்சள் கரைசலை ஒரு ஸ்பூன் விட்டுக்கொண்டே போங்கள். மஞ்சள், மஞ்சள், திடீரென்று ஒன்று ரத்தச் சிவப்பாகும். "அய்யோ நானா?" என்று ஒரு குரல் வரும். ஒன்றிலிருந்து தொடங்கியது 2, 4, 8 என்று அதிகபட்சம் எட்டு டம்ளர் வரை போகும், பாதி வகுப்பு.

இனித் துப்பறியும் வேலை. யார் முதல் ஆள்? பட்டியலைப் பார்த்து, தான் சந்தித்த மூன்று பேருமே சிவந்திருக்கிறார்கள் என்பவரைத் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு பேரில் வந்து நிற்கும், அதற்கு மேல் போகவே முடியாது, ஏனென்றால் முதல் சுற்றில் மாற்றிக்கொண்ட அந்த இருவரின் தடயமும் ஒன்றுதான். முதல்முறை இதைப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள், நான் யோசித்திருக்கவே இல்லை.

ஜான் ஸ்னோ கதைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. 1854இல் லண்டனில் காலரா வந்தபோது கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். அந்த மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் குறித்துக்கொண்டே போனார். பெரும்பாலானவை பிராட் தெருவின் அடிபம்பைச் சுற்றியே இருந்தன. அதே தெருவில் இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் யாரும் காலராவால் இறக்கவில்லை, அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். கிருமியை அவர் நிரூபித்திருக்கவில்லை, வழியைக் கண்டுபிடித்தார், அதுவே போதுமானதாக இருந்தது. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் எகிப்திலும் பிறகு கல்கத்தாவிலும் ஆராய்ந்து காலராக் கிருமியை உறுதிப்படுத்தியது அதற்குச் சுமார் முப்பது வருடம் கழித்துத்தான்.

படி 5: நாலு வழி

சார்ட்டில் நாலு சாலை வரையுங்கள்: வாய் வழி, மூச்சு வழி, தொடுதல், கொசு. பிள்ளைகள் நோயின் பெயரைச் சீட்டில் எழுதி, சரியான சாலையில் ஒட்ட வேண்டும். காலராவும் டைஃபாய்டும் வாய் வழி, மலம் கலந்த தண்ணீரிலும் உணவிலும் வருபவை, பக்கத்தில் உட்காருவதால் வருவதில்லை. காசநோய் மூச்சு வழி, தட்டு டம்ளரால் வருவதில்லை. டெங்குவுக்குத் தட்டு, டம்ளர், கை குலுக்கல் எதுவும் வழியில்லை, கொசுதான். சர்க்கரை நோய், வலிப்பு என்று எழுதிய சீட்டுகளையும் வேண்டுமென்றே கலந்துவிடுங்கள். எந்தச் சாலையிலும் ஒட்டாமல் கையில் நிற்கும் அந்தச் சீட்டுகள்தான் முக்கியம், வலிப்பு வரும் பிள்ளையைத் தள்ளி உட்கார வைக்கும் வகுப்புகள் இன்னும் இருக்கின்றன.

இங்கே அம்மைப் பேச்சு கட்டாயம் வரும். "பாட்டி மாரியாத்தான்னு சொல்றாங்கக்கா." கிண்டல் செய்யாதீர்கள். சின்னம்மை வைரஸால் வருவது என்பதைச் சொல்லுங்கள். வாசலில் வேப்பிலை கட்டுவது, வெளியாட்கள் வராமல் இருப்பது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே அனுப்பாமல் வைத்திருப்பது, இவையெல்லாம் மூச்சுச் சாலையையும் தொடுதல் சாலையையும் எப்படி அடைக்கின்றன என்று அவர்களையே கேளுங்கள். பாட்டி பாதிக் கேள்விக்குப் பாஸ் ஆகிவிடுவார். கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும் என்பதுதான் பாட்டிக்குத் தெரியாத மீதி.

படி 6: மூடி போட்ட டம்ளர்

தடுப்பூசிக்காக அதே விளையாட்டை மறுபடி நடத்துங்கள். முதலில் நான் எலுமிச்சைச் சாற்றைத் தடுப்பூசியாக வைத்துச் சொதப்பினேன். சுண்ணாம்பு முறிந்து, நோயாளிக்கும் சேர்த்துக் குணமாகிவிட்டது, "தடுப்பூசி போட்டவங்களைத் தொட்டா நோய் போயிடுமா அக்கா?" என்று கேட்டார்கள். இப்போது எட்டு டம்ளர்களுக்குத் தட்டு போட்டு மூடிவிடுகிறேன். அவர்களும் சுற்றி வருவார்கள், ஆனால் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். சிவப்பு மூன்று நான்குக்கு மேல் போகவில்லை, மூடி இல்லாத சிலரும் தப்பித்தார்கள். இதைப் பார்த்த பிறகு, 1980இல் பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்ததையும், இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டதையும், 2014இல் நாடு போலியோ இல்லாததாகச் சான்று பெற்றதையும் சொன்னால் சட்டென்று பிடிபடும்.

படி 7: கொசுப்புழு வேட்டை

இது வீட்டுப்பாடம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், வீட்டுக்குள் தேங்கிய நல்ல தண்ணீர் போதும், பகலில் கடிக்கும், காலில் வெள்ளைக் கோடு இருக்கும். முட்டை இடுவது பாத்திரச் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, தண்ணீர் பட்டதும் பொரியும், அதனால் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். ஆளுக்கு ஐந்து வீடு, ஒரு டார்ச்சு, ஒரு நோட்டு. தொட்டி, டயர், சிரட்டை, ஆட்டுக்கல், மணி பிளான்ட் பாட்டில் எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். வாரம் ஒரு முறை, ஏனென்றால் முட்டை கொசுவாவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும்.

போன முறை இரண்டு பேர் என் வீட்டுக்கும் வந்தார்கள். தொட்டி சுத்தம், மொட்டை மாடி சுத்தம் என்று நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தபோது சின்னவன் ஃபிரிட்ஜின் பின்னால் குனிந்து, தண்ணீர் சொட்டும் தட்டை உருவினான். டார்ச்சு வெளிச்சத்தில் ஏழெட்டுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. நோட்டில் என் பெயரை எழுதி, எதிரே சிவப்புப் பேனாவில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, "அடுத்த வாரம் மறுபடி வருவோம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.